புனருத்தாரணம் செய்த வீடு விற்பனைக்கு

பழைய வீட்டை விற்பவருக்கு அதன் பழமையை மறைக்கும் கவலை உண்டு. புது வீட்டை விற்பவருக்குப் பூச்சில் விரிசல் தோன்றுவதற்குள் விற்றாக வேண்டுமே என்ற கவலை உண்டு. பழைய வீட்டைப் புதுப்பித்து விற்பவர் ஒருவரே இவ்விரு கவலைகளும் தீண்டாத மகா பாக்கியசாலி. கூரை ஒழுகினால் அது வீட்டின் புராதனத்துக்குச் சாட்சி. ஒழுகாவிட்டால் அது புனருத்தாரணத்தின் மகிமை. கதவு திறக்க மறுத்தால் அது பர்மாத் தேக்கின் கம்பீரம்; சுலபமாகத் திறந்துகொண்டால் அது எண்ணெய் போட்டவரின் சிரத்தை.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாசம் செய்பவரும், பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் தண்ணீர் லாரிக்காரரையும் லிப்ட் பழுதுபார்ப்பவரையும் தவிர வேறு மனிதரோடு சம்பாஷிக்கச் சந்தர்ப்பம் வாய்க்காதவருமாகிய என் சித்தப்பா, செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் பாரம்பரியம் சிதையாமல் புதுப்பித்த வீடு விற்பனைக்கு இருப்பதாகவும், அமைதியாக வாழ விரும்புவோர் அணுகலாம் என்றும் வந்த விளம்பரத்தைக் கண்டதும், சித்தியையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் புறப்பட்டுவிட்டார்.

அந்தச் சீமையின் வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களும் நேரில் கண்டால் சற்றே திகைப்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் 70-க்கு மேற்பட்ட ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1930-கள் வரையில், நகரத்தார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் லேவாதேவி செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு, ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக எழுப்பிய மாளிகைகள் இவை. பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடியும் கப்பலேறி வந்தன. சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் முட்டையின் வெண்கருவும் சேர்ந்தன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. அதற்குப் பின், சுவருக்குப் பூசுவதிருக்கட்டும், சாப்பிடுவதற்கு முட்டை வாங்கவும் பல குடும்பங்கள் யோசிக்க வேண்டிய காலம் வந்தது.

தரகர் வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு மேலே, முகப்பின் உச்சியில், சுதையாலான கஜலட்சுமி வீற்றிருந்தாள். வர்ணம் தீட்டியவர் எனாமல் பெயிண்டைத் தாராளமாக உபயோகித்ததில் இருபுறத்து யானைகளும் இளமை திரும்பப்பெற்று விளங்கின. தேவியின் புருவங்கள் மட்டும் சிறிது மேலேறிவிட்டபடியால், வருகிறவர் ஒவ்வொருவரையும் நோக்கி, “நீயா வாங்கப் போகிறாய்?” என்று ஆச்சரியத்துடன் வினவுகிற பாவனை அவளுக்கு வாய்த்திருந்தது.

திண்ணையையும் பட்டாலையையும் கடந்து வளவுக்குள் நுழைந்தோம். நடுவே முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி இரட்டை இரட்டையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவனும் குடும்பக் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் இரட்டை அறை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், உரிய காலத்தில் அவனை ‘வேறு வைத்து’ அவன் மனைவிக்குத் தனி அடுப்பு மூட்டிக் கொடுத்துவிடுவது அங்கே சம்பிரதாயம். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் வசித்து வெவ்வேறு அடுப்பில் சமைக்கும் இந்த ஏற்பாட்டைத் தரகர் விளக்கியபோதுதான், அதுவரை கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்த சித்திக்குப் பாரம்பரியத்தில் முதன்முறையாக ஈடுபாடு பிறந்தது.

முன்னாளில் ஒவ்வொரு புள்ளியும் தன் வெள்ளிப் பாத்திரங்களையும் சீர்ச் சாமான்களையும் வைத்துப் பூட்டிய உள்ளறைகள், புனருத்தாரணத்தின் பயனாக, மேல்நாட்டுப் பாணிக் கழிப்பறைகளாக உயர்வு பெற்றிருந்தன. கனத்த தேக்குக் கதவும், பித்தளைக் குமிழ்களும், முழநீளச் சாவியும் அப்படியே இருந்தன. இவ்வளவு பந்தோபஸ்தான கழிப்பறை ரிசர்வ் பாங்கிலும் இராது என்று சித்தப்பா உத்தியோக அனுபவத்தோடு அபிப்பிராயம் தெரிவித்தார்.

முற்றத்தின் விசேஷம் வேறு. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்குவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே, நாற்புறத்துக் கூரையிலிருந்தும் மழையை வீட்டின் நடுவே இறக்கிக்கொள்வதற்காக முன்னோர்கள் விட்டுவைத்த அந்தத் திறப்பின்மேல், இப்போது பிளாஸ்டிக் தகட்டுக் கூரை ஒன்று போட்டிருந்தது. “விருந்தாளிங்க நனையக் கூடாது பாருங்க” என்றார் தரகர். கூரைக்கு நேர் கீழே, அழகிய எழுத்தில், ‘மழைநீர் முற்றம்’ என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள்.

“ஏங்க, இவ்வளவையும் யாரு பெருக்குறது?” என்றாள் சித்தி.

“ஆள் போட்டுக்கலாம்மா.”

“ஆளை யாரு தேடுறது?”

“அதுக்கும் ஆள் இருக்கும்மா.”

காலடியில் விரிந்திருந்ததோ ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சு வைத்து, வர்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, முதுகுக்கு மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது, சூளையைக் காணாதது, கண்ணாடியின் வழவழப்பைப் பிறவியிலேயே வாங்கிக்கொள்வது. வெறுங்காலோடு மனிதர்கள் புழங்கப் புழங்கத்தான் அதற்கு மெருகேறும். இந்த வீட்டில் புழங்குவதற்கு எவரும் இல்லாதபடியால், காவற்காரர் காலையும் மாலையும் தாழ்வாரத்தைப் பிரதட்சிணம் வருவதும் அவருடைய சம்பளத்தில் அடக்கம் என்று அறிந்தோம்.

சாமான்கள் யாவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வந்தவை. எந்தெந்த வீட்டுப் பங்காளிகளோ பாகம் பிரித்துக்கொண்டு விற்ற எனாமல் தூக்குகளும், மரப்பெட்டிகளும், ரவிவர்மா படங்களும் அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளில் இளைப்பாறிவிட்டு, முன்பின் அறியாத வீடுகளில் பரம்பரைச் சொத்தாக மறுபடியும் குடியேறுவது வழக்கமாம். பட்டாலைச் சுவரில் தலைப்பாகையும் கடுக்கனுமாக ஒரு பெரியவரின் புகைப்படம் சந்தன மாலையுடன் தொங்கியது. சித்தப்பா செருப்பில்லாத கால்களை ஒன்றுசேர்த்து, கைகூப்பி, “வீட்டைக் கட்டினவர் இவர்தானா?” என்று பக்தியோடு கேட்டார்.

“இல்லீங்க சார், அது கடையில வாங்கினது. பிரேமு நல்லா இருந்துச்சு.”

பிறகு பத்திரங்களின் விவகாரம் வந்தது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றின் மத்தியில் சித்தப்பா இழந்த யௌவனத்தை மீண்டும் பெற்றவராய்க் காணப்பட்டார். கட்டியவர் ஒருவரே, ஆனால் அவருடைய சந்ததியார் மகன் வழியிலும் பேரன் வழியிலும் பெருகி, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் அமர்ந்து, பவர் பத்திரத்தின் வாயிலாக மட்டுமே பேசுகிறவர்களாக இருந்தார்கள். பெண்மக்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபாகம் என்று 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் மத்திய அரசும் செய்த நியாயமான திருத்தங்களால், கையெழுத்திட வேண்டியவர்களின் ஜாபிதா மேலும் நீண்டது. பங்காளிகளுள் ஒருவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு வீட்டைச் சீர்செய்திருக்கிறார். செலவுக்குப் பங்கு கேட்டபோது மற்றவர்களுக்கு அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறதென்பதே மறந்துபோயிருந்ததாம். விற்பனை என்ற பேச்சு எழுந்தவுடன் அனைவருக்கும் அதன் ஒவ்வொரு தூணும் ஞாபகம் வந்துவிட்டது. புதுப்பிக்கையில் வீடு ஒருவருடையது, விற்கையில் எல்லோருடையதும்.

விலையைத் தரகர் சொன்ன மாத்திரத்தில் சித்தப்பா திண்ணையில் அமர்ந்துவிட்டார். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருப்பதைத் தரகர் ஞாபகப்படுத்தினார். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் அதன் மேல் உண்டென்பதைச் சித்தப்பா தமக்குத் தாமே ஞாபகப்படுத்திக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் மிகுந்த மனத்தாபத்துடன், வாழ்வதற்காகக் கட்டிய வீடுகளெல்லாம் இப்படிக் காட்சிப் பொருள்களாகிவிட்டனவே என்று அங்கலாய்த்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டியவர் அதில் எத்தனை காலம் வாழ்ந்தார்? ஏஜெண்டாகக் கப்பலேறியவர் மூன்றாண்டுக் கெடு முடிந்தல்லவா ஊர் திரும்புவார்? வந்தவர் கோயிலுக்குத் திருப்பணி செய்வார், கல்யாணம் ஒன்றை நடத்துவார், மறுபடியும் கப்பலேறுவார். ஊர் முழுவதையும் உட்காரவைத்து உணவளிக்கும் போஜன சாலையும், ஆயிரம் பேர் பார்க்கச் சீர் பரப்பும் தாழ்வாரங்களும், ஒரு தம்பதி சாயங்கால வேளையில் கஞ்சி குடிப்பதற்காக ஏற்பட்டவை அல்லவே! பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடப்பதும், சில நாட்கள் ஜனசமுத்திரத்தைத் தாங்குவதும், எப்போதும் பிறர் கண்டு வியப்பதுமே அந்த மாளிகைகள் பிறந்த நோக்கம். ஆகவே, புதுப்பித்தவர் பாரம்பரியத்துக்குத் துளியும் துரோகம் செய்யவில்லை. அங்கே அமைதியாக வாழலாம் என்று எழுதிய விளம்பரக்காரர் ஒருவரே நூறாண்டு மரபை மீறியவர்.

இந்த வாதத்தைச் சித்தப்பா அப்போது ஏற்கவில்லை. ஆயினும் அவருக்கு எழுபது பூர்த்தியாகிப் பீமரத சாந்தி நெருங்கியபோது, சென்னை மண்டபங்களின் வாடகையை விசாரித்துவிட்டுத் தரகருக்கே தொலைபேசினார். இரண்டு நாட்கள் வீட்டை வாடகைக்குப் பேசி, பந்துமித்திரர் யாவரையும் வரவழைத்து, வளவு நிரம்ப இலை போட்டு, மூன்றாம் நாள் காலையில் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். கட்டியவரின் மெய்யான வாரிசு அவரே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெருக்கும் பொறுப்பு வீட்டுக்காரர்களுடையதென்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்ததால் சித்திக்கும் பூரண திருப்தி.

வீடு இன்னும் விற்பனையாகவில்லை. விசேஷத்தன்று எடுத்த படத்தைத் தரகர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாலையும் பட்டு வேஷ்டியுமாகச் சித்தப்பாவும், கூறைப்புடவையில் சித்தியும் நிற்கும் அந்தப் படம், தேக்குச் சட்டமிட்டு, இப்போது பட்டாலைச் சுவரில் தலைப்பாகைப் பெரியவருக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருப்பதாகவும், வீடு பார்க்க வருகிறவர்கள், “பழைய சொந்தக்காரங்களா?” என்று கைகூப்பிக் கேட்கும்போது தரகர் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை என்றும் கேள்வி.