கண்டிச் சீமைக்குப் போகிறவர் கவனத்துக்கு

கேள்வி: அருப்புக்கோட்டைக்காரருக்கு அயல்நாடு என்றால் எது? எவ்வளவு தூரம்?

பதில்: இலங்கைதான். நேர்க்கோட்டில் அளந்தால் அருப்புக்கோட்டையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர், கொழும்பு சுமார் 350. தேயிலை மலைகளுக்கு வாசலான கண்டியும் 400-க்குள் அடங்கிவிடும். இடையில் இருப்பது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். 19-ஆம் நூற்றாண்டில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் குடியானவருக்குச் சென்னை காதில் விழுந்த பெயர். கண்டிச் சீமையோ மாமன் போயிருக்கிற ஊர். பின்னால் வந்த வில்லங்கங்களுக்கெல்லாம் இந்த அருகாமைதான் விதை. தூர தேசம் போகிறவர் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போவார். பக்கத்தில்தானே என்று கிளம்புகிறவர், போகிற இடத்தில் தம்மை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று கேட்பதில்லை.

கேள்வி: மழை பெய்திருந்தால் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள் அல்லவா?

பதில்: மழை மேல் பழி போடுவது எளிது, அது மறுத்துப் பேசாது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீரும். குண்டாறு வருஷத்தில் பல மாதம் மணலாகவே ஓடும். கரிசலில் கம்பு, சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் மானாவாரி. கண்மாய் நிறையாத வருஷத்தில் விதைத்தவருக்கும் விதைக்காதவருக்கும் விளைச்சல் ஒன்றுதான். விதைத்தவருக்குக் கடன் மட்டும் கூடுதல். சொந்த நிலம் இல்லாதவர்கள், சாதியால் நிலமே வாய்க்காதவர்கள், வட்டிக்கடையில் பாத்திரத்தையும் வைத்துவிட்டவர்கள் ஆகியோருக்கு நல்ல மழையும் பெரிய மாறுதலைத் தந்ததில்லை. 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது கடற்கரைக்குப் போகும் பாதைகள் நிரம்பின.

அக்கரையிலும் ஒரு காரணம் இருந்தது. 1830-களிலிருந்து ஆங்கிலேயர் கண்டி மலைகளில் காப்பி பயிரிட்டார்கள். உள்ளூர்ச் சிங்களக் குடியானவருக்குச் சொந்த வயல் இருந்ததால் தோட்டத்துக் கூலிக்கு வர அவருக்கு மனமில்லை. காப்பிக்கு ஆள் தேவைப்பட்டதோ பெரும்பாலும் பறிப்புக் காலத்தில்தான். அது முடிந்ததும் வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் காசோடு ஊர் திரும்பினார்கள். 1869-ல் காப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் காப்பித் தொழில் படுத்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும்; கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும்; குடும்பமாக வந்தால் இன்னும் நல்லது. காப்பி ஒரு பருவத்தைக் கேட்டது, தேயிலை ஒரு தலைமுறையைக் கேட்டது. போனவர்களிடம் இந்த மாற்றத்தை யாரும் அறிவிக்கவில்லை.

கேள்வி: தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் பிடித்தார்களாமே?

பதில்: இலங்கைத் தோட்டத் தமிழர் வாழும் மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது. தோண்டியவர்களுக்குக் கிடைத்தது தேயிலை வேர்.

கேள்வி: கங்காணி என்பவர் அதிகாரியா, தரகரா, சொந்தக்காரரா?

பதில்: மூன்றுமே. அதில்தான் அவருடைய பலம். மலாயாவுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் முன்பின் தெரியாத முகவரிடம் கைநாட்டு வைத்தார்கள். இலங்கைக்கு ஆள் பிடித்தவர் சொந்த ஊர்க்காரர், பல நேரம் சொந்தச் சாதிக்காரர். வெள்ளை வேட்டியும் கடுக்கனுமாக ஊர்ச் சாவடியில் வந்து உட்கார்ந்து, தோட்டத்துத் துரை கொடுத்த முன்பணத்திலிருந்து பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் கொடுப்பார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் கிடையாது. பத்திரம் இல்லையே என்று போனவர்கள் நிம்மதிப்பட்டார்கள். கடன் எழுதிய நோட்டு கங்காணியின் மடியில் இருந்தது.

தோட்டத்தில் அவருக்கு வருமானம் பல வழியில் வந்தது. தம் கூட்டத்து ஆள் ஒருவர் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து பேர் போட்டால், அந்தத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் பென்ஸ் காசு. காய்ச்சலில் கிடப்பவரை லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) கதவைத் தட்டி எழுப்பும் அக்கறை எங்கிருந்து வந்தது என்பதற்கு இது போதிய விளக்கம்.

கேள்வி: கடன் எவ்வளவு நாளில் அடையும்?

பதில்: அடைவதற்கென்று போட்ட கடன் அன்று அது. முன்பணம், வழிச் சாப்பாடு, படகுக் கூலி, கம்பளி, தோட்டம் கொடுக்கும் அரிசி என்று எல்லாம் பேரில் ஏறும். கூலி மாதக்கணக்கில் தாமதித்து வரும். வரும்போது பிடித்தம் போக மிஞ்சியதே கைக்கு வரும். இதன் உச்சம் ‘துண்டு’ முறை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு ஆள் தட்டுப்பாடுள்ள தோட்டமாகப் பார்த்து நடப்பார். புதுத் துரை தொகையைக் கட்டுவார். கொசுறாகக் கங்காணிக்கும் ஏதாவது கிடைக்கும். கட்டிய தொகை முழுவதும் தொழிலாளியின் பேரில் புதுக் கடனாக ஏறும். ஆள் இருந்த இடத்திலேயே இருக்க, கடன் மட்டும் விலை கூடிக்கொண்டு போவதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நினைத்துப் பார்க்க முடியாது. தோட்டங்களே ஒன்றோடொன்று போட்டியிட்டு ஏலம் ஏற்றியதால் கடைசியில் துரைமாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1921-ல் இலங்கைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தொழிலாளியின் கண்ணீரைவிடத் துரையின் கணக்கு நோட்டு சட்டசபையில் தெளிவாகக் கேட்கும் என்பது அந்தக் காலத்து நடைமுறை.

கேள்வி: பயணம் எப்படி?

பதில்: முதலில் நடை. இராமநாதபுரம் கடற்கரை வரை நடை, அங்கிருந்து பாய்மரத் தோணி, மன்னார்க் கரையில் இறங்கியதும் காட்டு வழியாக மாத்தளை நோக்கி மறுபடி நடை. தண்ணீர் இல்லாத பாதை. காலராவும் மலேரியாவும் பலரைத் தோட்டம் பார்க்காமலே அனுப்பிவைத்தன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. ரயிலும் கப்பலும் இணைந்து, போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் என்று ஆனது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அம்மை குத்தி, சில நாள் தனியே வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பின் அனுப்புவார்கள். அயல்நாட்டுச் சோதனையைச் சொந்த மண்ணிலேயே முடித்துக்கொண்டு போனவர்கள் இவர்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. மண்டபம் முகாம் அப்படியே இருந்து, திரும்பி வந்தவர்களையும் வாங்கிக்கொண்டது.

கேள்வி: ரங்கூனுக்குப் போனவர்கள் தப்பித்தார்களா?

பதில்: அவர்கள் அயல்நாட்டுக்கே போகவில்லை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு காலையில் அவர்கள் வெளிநாட்டில் விழித்தார்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பல்லாயிரம் பேர் காட்டு மலை வழியாக நடந்தே திரும்பினார்கள். மிஞ்சியவர்களில் பலரை 1960-களின் தேசியமயம் கப்பலேற்றியது.

கேள்வி: திருச்சுழியிலிருந்து ஊரை விட்டுப் போய்ப் பெரும் பெயர் எடுத்தவர் யார்?

பதில்: ரமண மகரிஷி. 1879-ல் திருச்சுழியில் பிறந்தார். 1896-ல் மதுரையில் இருந்த வீட்டை விட்டு மூன்று ரூபாயோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். மலைதான் என்றாலும் கங்காணி தேவைப்படாத மலை.

கேள்வி: இலங்கையில் இரண்டு மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்குக் குடியுரிமை தானாகவே வந்திருக்குமே?

பதில்: தானாக வந்தது வரி மட்டும். 1931-ல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை என்றபோதே இந்திய வம்சாவளியினருக்கு நிலையான வசிப்பிடம் நிரூபிக்கும் நிபந்தனை இருந்தது. 1939-ல் இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்க முற்பட, இந்தியா அதே ஆண்டு ஆகஸ்டில் கூலி வேலைக்கு இலங்கை செல்வதைத் தடை செய்தது. தண்டனை இலங்கைக்கு, தவித்தவர்கள் லீவில் ஊருக்கு வந்தவர்கள்.

1947 தேர்தலில் இந்திய வம்சாவளியினரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வென்றதே வினையாயிற்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தவரிடமே அவருடைய தகப்பனார் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. அது இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவருக்குத் தம் பிறப்புக்கே சீட்டு கிடையாது. பூட்டனுக்கு எங்கே போவார்? 1949 சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு தொடர்ந்து வசித்த சான்று. 1951 ஆகஸ்ட் 5-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுமார் 8.25 லட்சம் பேர் கேட்டார்கள், 1.34 லட்சம் அளவில் கிடைத்தது. சொந்த ஊரான பரளச்சியில் இருந்த தாய்க்கு அனுப்பிய மணியார்டரும், தங்கை கல்யாணத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியதும், இலங்கையில் நிலைத்து வாழும் எண்ணம் இல்லை என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டன. நல்ல மகனாக இருப்பதற்கு இவ்வளவு செலவாகும் என்று எந்தக் கங்காணியும் சொல்லியிருக்க மாட்டார்.

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9.75 லட்சம் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி 1.5 லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிந்தது. பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கூப்பிட்டு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதவில்லை.

கேள்வி: தேர்தலில் தோற்றால் கனடாவுக்குப் போய்விடுவேன் என்கிறாரே அமெரிக்கர், அவருக்கும் இந்தக் கதிதானா?

பதில்: இல்லை; பெரும்பாலும் அவர் போவதே இல்லை. 2016 தேர்தல் இரவில் கனடாவின் குடிவரவு இணையதளம் கூட்டம் தாங்காமல் முடங்கியது. மறுநாள் எல்லையில் அப்படி ஒரு கூட்டம் இல்லை. வியட்நாம் போர்க் காலத்தில் படைக்கு ஆள் எடுப்பதைத் தவிர்த்துப் பல்லாயிரம் இளைஞர் உண்மையாகவே போனார்கள். 1977-ல் ஜிம்மி கார்ட்டர் அவர்களுக்குப் பொது மன்னிப்பு தந்த பிறகும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கனடா 1967 முதல் வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் என்று புள்ளி போட்டு ஆள் எடுக்கிறது. கங்காணியின் கண் பார்த்த வேலையை இப்போது கணினி பார்க்கிறது. நிரந்தர வசிப்புரிமை கிடைத்தாலும் வாக்கு கிடையாது. குடியுரிமைக்கு ஐந்து ஆண்டில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை மட்டுமல்ல, அதன் பிறகும் அமெரிக்கக் குடிமகனாக நீடித்தால் அமெரிக்காவுக்கும் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டும். அமெரிக்கர் பக்கத்து நாட்டுக்குப் போனாலும் சொந்த நாடு அவரை விடாது. தோட்டத் தொழிலாளியை இரண்டு நாடும் விட்டன.

கேள்வி: அருப்புக்கோட்டைக்குக் கண்டி திருப்பிக் கொடுத்தது ஏதாவது உண்டா?

பதில்: ஒரு முதலமைச்சர். 1917-ல் கண்டிப் பகுதியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் முதன்முதலாக அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

கேள்வி: திரும்பி வந்த மற்றவர்கள்?

பதில்: இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நான்கரை லட்சத்துக்கு மேல் வந்தார்கள். மண்டபத்தில் இறங்கி, குடும்ப அட்டையைக் காட்டி, ஒதுக்கிய இடத்துக்குப் போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம், சில ஊர்களில் நூற்பாலை, மற்றவர்களுக்குச் சிறு வியாபாரக் கடன். அவர்களுக்கென்று 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவருக்கு மளிகைக் கடை வைக்கக் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பொருளாதாரம் படிக்காதவரும் சொல்லிவிடலாம். பூர்வீக ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, முகம் தெரிந்தவரும் அதிகம் இல்லை. அக்கரையில் ‘இந்தியாக்காரன்’, ‘கள்ளத்தோணி’, இக்கரையில் ‘சிலோன்காரன்’. 1983-க்குப் பிறகு அகதியாக வந்த மலையகத்தாரின் நிலை இன்னும் இடைஞ்சலானது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு முகாமில் பிறந்த தம்பிக்கு அந்த வழி இல்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை.

கேள்வி: இன்றைக்கு ஒருவர் இலங்கையில் குடியேற நினைத்தால்?

பதில்: விமானமும் உண்டு, 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, மறுபடி ஓடும் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் உண்டு. சுற்றுலா விசாவில் வேலை பார்க்கக் கூடாது. வேலைக்கு வசிப்பு விசா தனியே வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை என்பதால், காகிதங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு போகிறவர் தலையிலேயே விழுகிறது. குடியுரிமை வாங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருகிறது, இந்தியா தருவதில்லை. இலங்கைக் குடிமகனான அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையோடு அருப்புக்கோட்டைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலமும் வாங்க முடியாது.