எழுத்தில் உண்டு, சத்தத்தில் இல்லை

ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளும் வரிசையாக வந்து நின்றால் என்ன சத்தம் என்று ஒரு வெள்ளைக்காரரைக் கேளுங்கள். ‘எந்தச் சொல்லில்?’ என்று திருப்பிக் கேட்பார். சொல்லைச் சொன்னால்தான் சத்தம் தெரியும். சத்தம் தெரிந்தால்தான் சொல்லைச் சொல்ல முடியும். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளும், யாரும் கேட்காமலே அவளுக்கு இங்கிலீஷ் வாத்தியாரான நானும் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பள்ளியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, வாக்கியத்தில் அமைக்க வேண்டும். தோ என்றால் ‘ஆனாலும்’. அதில் ஓர் ஆரைச் செருகினால் த்ரூ, ‘ஊடாக’. வாலில் ஒரு டீயை ஒட்டினால் தாட், ‘எண்ணம்’. முன்னால் நிற்கும் எச்சை எடுத்துவிட்டால் டஃப், ‘கடினம்’. சப்பாத்திக்குப் பிசைந்த மாவு டோ. அதில் டியை எடுத்து சியை வைத்தால் கோ ஆகாது, காஃப், ‘இருமல்’. பியை வைத்தால் பௌ, ‘மரக்கிளை’. ஆரை வைத்தால் ரஃப், ‘சொரசொரப்பு’.

“இதுக்கு ரூல் என்னப்பா?”

“இருக்கு கண்ணு, நாளைக்குச் சொல்றேன்” என்றேன். குடும்பத் தலைவன் வேறென்ன சொல்வான்?

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பழைய இங்கிலீஷில் தொண்டையின் அடியிலிருந்து செருமிக் கிளம்பும் ஓர் ஒலி இருந்திருக்கிறது. ஏரிக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் சொல்லின் கடைசியில் இன்றும் அது கேட்கும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் நாளடைவில் அந்த ஒலிக்கு ஜி, எச் என்று இரண்டு எழுத்துகளைக் கொடுத்தார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கு உறையவில்லை. செருமல் பேச்சிலிருந்து நழுவியது. சில சொற்களில் சுவடே இல்லாமல் போனது, சிலவற்றில் உதட்டுக்கு நகர்ந்து ஃப் ஆனது. உயிரொலிகளும் அந்தக் காலத்தில்தான் இடம் மாறிக்கொண்டிருந்தன. எனவே மிச்சமிருந்த ஓவும் யூவும் சொல்லுக்கொரு திசையில் போய்விட்டன. இருமல் என்ற சொல்லில் அந்தச் செருமல் இருமலையே நடித்துக் காட்டியதாம். இப்போது அந்த இருமலிலும் இருமல் இல்லை.

இந்த ஜி, எச்சைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு மின் இணைப்பு என் பேரில். கேஸ் புத்தகம் என் பேரில். வாசல் பலகையிலும் என் பேர், பட்டத்தோடு. வீட்டுக்குள் எந்த முடிவிலும் அந்தப் பேரை யாரும் உச்சரிப்பதில்லை. எடுத்துவிடவும் முடியாது, பில் வராது.

பட்டியலின் கடைசியில் டீ வால் முளைத்தவை. இவை பெரும்பாலும் நல்ல பிள்ளைகள், ‘ஆட்’ என்றே முடியும். சாட், தேடினேன். பாட், வாங்கினேன். பிராட், கொண்டுவந்தேன். ஃபாட், சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய் முற்றின வெண்டைக்காயோடு திரும்பியதை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. முன்னால் எதுவுமே இல்லாத வெறும் ஆட் ஒன்று இருக்கிறது. செய்ய வேண்டிய கடமையைச் சொல்வது. “ஒடிச்சுப் பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா?” என்று என் மனைவி கேட்பதில் வருவது அதுதான். ட்ரௌட் மட்டும் இந்த வரிசையில் சேராமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பொருள் வறட்சி. எங்கள் வீட்டில் மாதம் இருபதாம் தேதிக்கு மேல் வருவது.

“யாரும் சரி பண்ணலையா?” என்றாள் மகள்.

பண்ணப் பார்த்தார்கள். 1906இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை இனி சுருக்க எழுத்துக்கூட்டலில்தான் அச்சிட வேண்டும் என்று அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். தோவிலும் த்ரூவிலும் ஜி, எச்சுக்கு வேலை போயிற்று. பத்திரிகைகள் சிரித்தன, பிரதிநிதிகள் சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது, அந்த வருஷம் முடிவதற்குள் மனிதர் பின்வாங்கிவிட்டார். ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த போரை நிறுத்திவைத்ததற்காக அதே வருஷம் நோபல் சமாதானப் பரிசு வாங்கியவர் அவர். இரண்டு சாம்ராஜ்யங்கள் அவர் பேச்சைக் கேட்டன, இரண்டு எழுத்துகள் கேட்கவில்லை. சிக்காகோ ட்ரிப்யூன் பத்திரிகையும் 1934 முதல் அதேபோல் சுருக்கி எழுதிப் பார்த்துவிட்டு 1975இல் கைவிட்டது. இதே நான்கு எழுத்துகளில் முடிந்த ப்ளௌவை, அதாவது கலப்பையை மட்டும் அமெரிக்கர்கள் திருத்திக்கொண்டார்கள். ஃபேனை மூன்றுக்கு மேல் வைக்கக்கூடாது என்று நான் போட்ட உத்தரவு அன்று சாயங்காலமே ரத்தானது. ரூஸ்வெல்ட் சில மாதங்களாவது தாக்குப்பிடித்தார்.

விக்கலின் கதை தனி. முதலில் காதில் விழுந்தபடி ஹிக்கப் என்றுதான் எழுதினார்கள். இதுவும் ஒருவகை இருமல்தானே என்று பிற்பாடு எவரோ நினைத்து, கடைசியில் காஃபைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். சத்தம் மாறவில்லை, எழுத்து மட்டும் வீங்கியது. அரைகுறையாகப் படித்தவன் சும்மா இருக்க மாட்டான் என்பது எனக்குப் புதிதல்ல. தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன்.

இவ்வளவையும் கூடத்தில் நின்று விளக்கியபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது. “நம்ம ‘க’ மட்டும் என்னவாம்? கல்லுல ஒண்ணு, சங்குல ஒண்ணு, பகல்ல ஒண்ணு.”

நியாயமான கேள்வி. ஆனால் தமிழ்ச் சொற்களில் ‘க’வுக்கு இடம் பார்த்து ஒழுங்கு உண்டு: சொல்லின் முதலில் வன்மை, ‘ங’வுக்குப் பின்னால் ஒரு மென்மை, உயிர்களுக்கு நடுவே இன்னும் இளைத்த ஓசை. பிள்ளைகள் விதி தெரியாமலே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். இதையெல்லாம் உதாரணங்களோடு சொல்லி முடித்தபோது மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. எப்போது போட்டாள் என்று தெரியவில்லை.

வாக்கியங்களை மகள் தானே எழுதிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து நோட்டைப் பார்த்தேன். டஃப்: அப்பாவிடம் டவுட் கேட்பது கடினம். த்ரூ: அப்பா பேசும்போது நான் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். இனஃப்: அம்மா ‘போதும்’ என்று சொன்ன பிறகும் அப்பா நிறுத்தவில்லை. காஃப்: அப்பா நடுவில் இருமினார், நாங்கள் தப்பித்தோம்.

எல்லாவற்றுக்கும் டிக். கீழே சிவப்பு மையில் ‘வெரி குட்’. அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்துக்குக் கோடு. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“அம்மா நேத்தே போட்டாச்சுப்பா.”