கிளட்சுக்கு ஓய்வு

மலைப்பாதை பைக்கின் தானியங்கி கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இமயம்வரை போவது வீண்செலவு. மும்பையில் எங்கள் அணுசக்தி நகர் வாசலிலேயே சயான்-டிராம்பே சாலை இருக்கிறது. மழை வந்தால் பள்ளம், சேறு, சிற்றாறு எல்லாம் இலவசம்!

1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பிலேயே உள்ள வித்தைதான்: இன்ஜின் வேகமெடுத்தால் உள்ளே எடைகள் விரிந்து கிளட்ச் பிடிக்கும். ஊர்ந்தால் அரைகுறையாகப் பிடித்து, வழுக்கி, சூடேறித் தேயும். பக்கத்து மான்கூர்ட் நெரிசலில் ஊர்வதே சாதனை. ஆகவே கம்பெனிகள் சோதனைக்கூடத்தை இங்கே மாற்றலாம். அரை ஆயுள் கணக்கிடத் தெரிந்த விஞ்ஞானிகளும் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள்.

எதிர் பிளாட் சார் லீவு போட்டு லடாக் போயிருக்கிறார். அவருக்காக இல்லையாம், கிளட்சுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம்.