ஒரு நாளைக்கு ஒரு வணக்கம்

ரஷ்ய மொழியில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிரே வந்தவர் லிஃப்ட் ஏறி, ஒன்பதாம் மாடிக்குப் போய், செருப்பைக் கழற்றியிருப்பார். 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே' என்பதுதான் அந்த மந்திரம். அவர்கள் எழுத்தில் 12 எழுத்து. அதில் ஒன்று ஒப்புக்கு நிற்கிறது. அதை உச்சரிக்கக் கூடாது. மிச்சம் பதினொன்றுக்கும் நாக்குதான் பொறுப்பு.

தொல்காப்பியர் நல்லவர். சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்தைத் தனியாக நிற்கவே விடவில்லை. ஸ்கூலையே 'இஸ்கூல்' ஆக்கிக் கரையேறிய நாக்கு நம்முடையது. வேலை நிமித்தம் மாஸ்கோ வந்த புதிதில், வகுப்பில் நான் 'இஸ்த்' என்று தொடங்கும்போதெல்லாம் ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கே பார்க்கப் பனியைத் தவிர ஒன்றும் இருக்காது. பிறகு கடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோதுதான் சங்கதி தெரிந்தது. ரஷ்யர்களே அதை முழுசாகச் சொல்வதில்லை. 'ஸ்த்ராஸ்த்யே' என்று பாதியை விழுங்கிவிடுகிறார்கள். பாடப்புத்தகம் எழுதியவர் மட்டும் விழுங்கவில்லை.

நண்பர்களுக்கு 'ப்ரிவ்யெத்' போதும். பெரியவர்களிடம் அது செல்லாது. நீ, நீங்கள் பார்த்துப் பேசுவது நமக்குத் தொட்டில் பழக்கம். பக்கத்து நாற்காலி அமெரிக்கர்தான் பாவம். பேராசிரியருக்கும் பூனைக்கும் ஒரே 'யூ' போட்டு வளர்ந்தவர். ஆனால் ஆசிரியையை 'மேடம்' என்று கூப்பிட முடியாது என்றதும் நானும் விழித்தேன். பெயரையும் கூடவே அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டால்ஸ்டாய் என்றால் லெவ் நிகலாயெவிச், அதாவது நிகலாயின் மகன் லெவ். நாம் அப்பாவை ஒற்றை எழுத்தாக்கி, ஒரு புள்ளியும் வைத்து, பெயருக்கு முன்னால் காவலுக்கு நிறுத்திவிட்டோம். இங்கே ஒவ்வொரு காலை வணக்கத்திலும் அவர் முழு உருவில் எழுந்து வருகிறார்.

'காக் திலா?' என்றால் எப்படி இருக்கிறீர்கள். இதை அளந்து கேட்பது நல்லது. தெரியாதவரிடம் கேட்டால் உனக்கெதற்கு என்பதுபோல் பார்ப்பார். தெரிந்தவரிடம் கேட்டால் முழங்கால் வலியிலிருந்து தொடங்குவார். பதில் சொல்லும் முறை நமக்கு வந்தால் 'நர்மால்னா' என்று முடித்துக்கொள்ளலாம். சம்பள உயர்வு, ஜலதோஷம், மாமியார் வருகை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நம்மூர் 'ஏதோ போகுது'க்கு அது சித்தப்பா மகன்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வணக்கம்தான். காலையில் சொல்லிவிட்டு மதியம் காபி மெஷின் அருகே மறுபடி சொன்னால், 'இன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டோமே' என்பார்கள், கொஞ்சம் கவலையோடு. ஞாபகமறதிக்கு நல்ல டாக்டர் யார் என்று யோசிப்பது முகத்தில் தெரியும்.

கை குலுக்குவதென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும், அது மைனஸ் 20 டிகிரியாக இருந்தாலும். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று குலுக்கவே கூடாது. எதிர்வீட்டுக்காரர் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, என்னை உள்ளே வரவைத்துத்தான் குலுக்கினார். வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று அடித்துச் சொல்லும் என் அத்தைக்கு அவரைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிருக்கும்.

அத்தைக்கு இங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியூர் கிளம்புமுன் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். மறந்த சாமானை எடுக்கத் திரும்பி வந்தால் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும்; நாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். கிளம்புகிறவரிடம் 'குதா?', அதாவது எங்கே, என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்கிறார்கள் பழைய ஆட்கள். அதற்குப் பதில் 'தலிகோ லி?' என்று கேட்க வேண்டும். தூரமா? அப்படியே நம் திண்ணைக் கேள்வி!

எங்கள் குடியிருப்பு வாசல் பெஞ்சில் இருக்கும் பாட்டி என்னிடமும் இப்போது அதைத்தான் கேட்கிறார். ரொட்டி வாங்க என்பேன். எந்தக் கடை, என்ன விலை, போன வாரம் என்ன விலை என்று விசாரணை நீளும். பாதி புரியாது. நம் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டிவைப்பேன். அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு அவர் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார்.