சுமங்கலி லோக மான்மியம்

1516-இல் தாமஸ் மோர் என்கிற இங்கிலாந்துக்காரர் காகிதத்தில் ஒரு சொர்க்கத்தைக் கட்டி 'யுட்டோப்பியா' என்று பெயர் வைத்தார். அந்தத் தீவில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. சொத்தெல்லாம் பொது. வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஆகா என்று வாயைப் பிளந்துகொண்டு நாலு பக்கம் தள்ளினால், ஆடு மாடு அறுக்கிறதும் அழுக்கு வேலை பார்க்கிறதும் அடிமைகள். அவர்கள் கையிலும் காலிலும் விலங்கு, அதுவும் தங்க விலங்கு. தங்கத்தை யாரும் மதிக்கக் கூடாது என்பதற்காக மோர் செய்த ஏற்பாடாம்! இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விட்டார்.

மோரைப் படிக்காமலே அவரை மிஞ்சியவர்கள் நம் கொங்குச் சீமையில் இருந்தார்கள். அவர் முதல் நாளே தங்கத்தைப் பூட்டிவிட்டார். இவர்கள் மூன்று வருஷம் கழித்துக் கழுத்துக்குத் தங்கம் என்று சொல்லி, கேட்டைப் பூட்டினார்கள்.

திருப்பூரின் தல புராணம் எல்லோருக்கும் தெரியும். மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார், டெய்லருக்கு உதவியாகக் கைமடித்தார், டெய்லரானார், காண்ட்ராக்ட் எடுத்தார், இன்றைக்கு எக்ஸ்போர்ட்டர். காங்கேயம் ரோட்டில் எங்கள் நல்லூருக்குள் நுழைந்தால் சந்துக்கு ஒரு புராணம் இருக்கும், சிலதில் கதாநாயகரே டீ வாங்கித் தந்து சொல்லுவார். வந்தாரை வாழவைக்கும் ஊர், சனிக்கிழமையானால் சம்பளம், டாலர் சிட்டி, குட்டி ஜப்பான். இந்தப் புராணத்தில் கட்டிங் மாஸ்டர் வருவார், ஓவர்லாக் மிஷின் வரும், பேட்லாக் மிஷின் வரும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடின சாயப்பட்டறைகூட வரும். நூல் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் வராது. பல்லடம், உடுமலை, திண்டுக்கல், வேடசந்தூர் பக்கமிருந்து கோன் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கும். பெட்டியின் மேல் மில் பேர் இருக்கும், கவுண்ட் இருக்கும், லாட் நம்பர் இருக்கும். அதைச் சுற்றின கையைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது.

அந்தக் கை யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் முதலாளிகளின் மனக்கஷ்டத்தையும் கொஞ்சம் கேட்டுவிடுவோம். கோவைப் பஞ்சாலைகளில் சங்கம் வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1946-இல் ஸ்டேன்ஸ் ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேரைப் பறிகொடுத்தும் கொடியை இறக்காதவர்கள். திருப்பூரில் 1984-இல் பஞ்சப்படிக்காக பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். இதையெல்லாம் பார்த்த மில்காரர்களுக்கு ஒரு லட்சியத் தொழிலாளி தேவைப்பட்டது. அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கக் கூடாது, சங்கம் கூடாது, சாராயம் கூடாது, ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகக் கூடாது, குறைந்தபட்சக் கூலி என்ற சொல்லையே கேள்விப்பட்டிருக்கக் கூடாது. இப்படி ஒரு 'அவன்' பூமியில் பிறக்கவில்லை என்று தெரிந்ததும், மழை பொய்த்த தென் மாவட்டத்துக் கிராமங்களில் கல்யாண வயதை நெருங்குகிற பெண் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள்.

1990-களிலிருந்து இப்படி முளைத்ததுதான் சுமங்கலித் திட்டம். திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று அவதாரத்துக்கு ஒரு திருநாமம். மில்லுக்குள் மட்டும் மரியாதை கலைந்து 'கேம்ப் கூலி'. நோட்டீசில் குத்துவிளக்கு, மணக்கோலத்தில் ஒரு பெண், மூன்று வேளைச் சத்தான சாப்பாடு, பாதுகாப்பான விடுதி, டி.வி., மேற்படிப்பு. மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம்.

ஏஜெண்ட் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பிப்பார்:

"அக்கா, பாப்பாவை நம்ம சொந்தப் புள்ளையாட்டம் பாத்துக்குவாங்க. உள்ளாற பூராம் ஏசி."

"ராத்திரி வேலை இருக்குமாண்ணே?"

"ராத்திரி பகல்னே தெரியாதுக்கா, அவ்வளவு லைட்டு!"

ஏசி என்றது அப்பட்டமான பொய் இல்லை. பஞ்சாலைக்குள் காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஹால் முழுக்க ஈரக் காற்றை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு நூலுக்கு. பக்கத்தில் நிற்கிற பிள்ளை அந்தப் புழுக்கத்திலும் பஞ்சுத் தூசியிலும் ரிங் ஃபிரேமின் நீளத்துக்கு மேலும் கீழும் நடந்து, அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் என்று சொன்ன ஷிப்ட் பன்னிரண்டாக நீளும். ஆள் வராவிட்டால் விடுதிக்கே வந்து எழுப்புவார்கள். விடுதியும் மில்லும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற வசதியே அதுதானே.

மோரின் தீவைச் சுற்றிக் கடல் இருந்தது. இங்கே மதில் சுவர், மேலே கம்பி வேலி, கேட்டில் வாட்ச்மேன். வாரத்துக்கு ஒரு போன், அதையும் வார்டன் காது கொடுத்துக் கேட்பார். மாதத்துக்கு ஒருநாள் கும்பலாகக் கடைவீதி. எல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்றார்கள். கள்ளன் உள்ளே வராமலிருக்கக் கட்டிய சுவரில் உள்ளிருப்பவர் ஏறக் கூடாது என்று எதற்கு அத்தனை கண்டிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் தெரியாமல் இதைச் செய்தார்கள் என்று நினைத்தால் அது அவர்கள் வக்கீலுக்கு அவமானம். 1961-ஆம் வருஷம் நாடாளுமன்றம் வரதட்சணைத் தடைச் சட்டமும் போட்டது, பழகுநர் சட்டமும் போட்டது. மில்காரர்கள் இரண்டாவதற்குள் புகுந்து முதலாவதைத் தாண்டினார்கள். பிள்ளைகள் தொழிலாளிகள் அல்ல, அப்ரண்டிஸ்கள். சில மாதத்தில் கை பழகிவிடுகிற வேலையை மூன்று வருஷம் கற்றுக்கொள்வார்கள். கற்று முடித்ததும் வரதட்சணைக்குப் பணம் கிடைக்கும். அந்தப் பணமாவது யாருடையது? அவளுக்குச் சேர வேண்டிய கூலியில் பிடித்து வைத்ததுதான். அவள் உண்டியலை உடைத்து அவளுக்கே சீர் கொண்டுவருகிற தாய்மாமன் இப்படித்தான் இருப்பார். நாற்பதாயிரத்தை மூன்று வருஷத்துக்கு வகுத்தால் நாளைக்கு 37 ரூபாய்கூட வராது. மூன்று வருஷம் நிறைவதற்குள் உடம்பு முடியாமல் போனாலோ, ஏதோ குற்றம் சொல்லி அனுப்பிவிட்டாலோ அதுவும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அரசாங்கத்தின் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், 2011-க்குப் பிறகு, பத்தாவது படித்த ஏழைப் பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் வாங்கினால் 50,000, கூடவே தாலிக்கு நாலு கிராம் தங்கம் கொடுத்தார்கள். அதாவது ஏறத்தாழ அதே தொகைக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தை விட்டு வரச் சொன்னார்கள். ஏஜெண்டுக்குத்தான் வீடு தெரிந்திருந்தது.

கலகம் எங்கிருந்து வந்தது? ஸ்பார்ட்டகஸ் மாதிரி வாளோடு யாரும் வரவில்லை. வயிற்றுவலி என்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை, ஒருத்தி சுவர் ஏறினாள், ஒருத்தி வாயைத் திறந்தாள். 2008-இல் தமிழக அரசு பஞ்சாலை அப்ரண்டிஸ்களுக்குத் தினக்கூலி 110 ரூபாய் என்று நிர்ணயித்தது. கற்றுக்கொள்கிறவளுக்குக் கூலியா என்று பதறி மில்காரர் சங்கம் உயர் நீதிமன்றம் போனது, 2009-இல் வெறுங்கையோடு திரும்பியது. 2011-இல் நெதர்லாந்தின் 'சோமோ' அமைப்பு அறிக்கை வெளியிட்டு, இந்தத் திட்டத்தில் சுமார் 1,20,000 பேர் இருக்கலாம் என்றது. ஐரோப்பாவில் நம் டி-சர்ட் போட்டவர்கள் காலரைத் திருப்பிப் பார்த்தார்கள்.

பிறகு தொடங்கியது ஆடிட் காண்டம். பையர் ஆள் வருகிறார் என்றால் முந்தின நாளே கக்கூசில் சோப்பு முளைக்கும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும், முதலுதவிப் பெட்டிக்குள் நிஜமாகவே பஞ்சு இருக்கும். வயது குறைந்தவர்களுக்கு அன்றைக்குத் திடீர் லீவு. மற்றவர்களுக்குப் பாடம்: எட்டு மணி நேரம், ஓ.டி. கிடையாது, சூப்பர்வைசர் திட்டமாட்டார். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், ஆடிட்டர் டிக் அடித்தார், சான்றிதழ் ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டப்பட்டது. ஆடிட்டர் காரில் ஏறினதும் சோப்பு மறைந்துவிடும்.

இந்த நாடகத்தில் மேடையேறாமல் வேலை பார்த்தவர்கள், 2013-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் பெண்கள். தலித் பெண்களே தலைமை ஏற்று நடத்துகிற சங்கம். கேட்டுக்குள் விடாதபோது ஊர்களுக்குப் போய், வீடுகளில் பேசி ஆள் சேர்த்தார்கள். சங்கம் வேண்டாத தொழிலாளியைத் தேடி முதலாளிகள் எந்தக் கிராமங்களுக்குப் போனார்களோ, அங்கிருந்தே சங்கம் வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலையானார், அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். இந்தச் சங்கம் அதை அமுங்க விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் சங்கம், இன்னொரு பக்கம் அந்த ஆலையின் உரிமையாளரான திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், உடன் பையரான எச் அண்ட் எம். பாலியல் தொல்லையைக் கவனித்துச் சொல்ல, வேலை பார்க்கிற பெண்களிலிருந்தே ஆள் போட வேண்டும், சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். ஆடிட்டர் வருஷத்துக்கு ஒருநாள் வருவார். கவனித்துச் சொல்கிற இந்தப் பெண் தினமும் அடுத்த மிஷினில் உட்கார்ந்திருப்பாள்.

சுமங்கலித் திட்டமா, அதெல்லாம் அந்தக் காலமுங்க என்கிறார்கள் மில்காரர்கள். நோட்டீஸ் இப்போது கண்ணில் படுவதில்லைதான். விடுதிகளும் மதில்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவற்றைக் காலியாக வைத்திருக்க முடியாதல்லவா? வடக்கிலிருந்து வருகிற தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கிறபோது பிளாட்பாரத்தில் பாருங்கள். அன்றைக்குத் திண்ணையில் மோர் குடித்தவரின் தொழில் வாரிசு, "கானா ஃப்ரீ, ரஹ்னா ஃப்ரீ", சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம் என்று தப்பில்லாமல் ஹிந்தி பேசிக்கொண்டிருப்பார்.