நெடுஞ்சாலை 84: அன்றும் இன்றும்

நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் அபிக்யூ கிராமம். எஸ்பன்யோலா ஊரைத் தாண்டி சாமா ஆற்றை ஒட்டிச் சாலை ஏறத் தொடங்கியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. அடியில் 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செம்பாறை, அதன்மேல் மஞ்சள் மணற்கல், உச்சியில் வெளுத்த ஜிப்சம். இங்கே வாழ்ந்த ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் தன் ஓவியங்களில் நிறத்தைத் தூக்கலாகப் பூசிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. வெயில் சாயும் நேரத்தில் இங்கே நின்று பார்த்தால், அவர் அடக்கியே பூசியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாணவப் பருவத்தில் நான் முதலில் இந்த வழியே போனபோது, சான்டா ஃபேயில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் வந்திருக்கவில்லை. அது 1997இல்தான் திறந்தது. நண்பரின் பழைய கார், மடியில் விரித்த காகித வரைபடம், 36 படம் எடுக்கும் பிலிம் சுருள். சுருள் தீர்ந்துவிடுமே என்று ஒவ்வொரு குன்றையும் வெகுநேரம் பார்த்த பிறகே கேமராவைத் தொடுவோம். எதிரே வண்டி வருவதே அபூர்வம்.

அண்மையில் மறுபடி போனேன். எங்கே நிறுத்துவது என்று கைபேசியே சொல்கிறது. கார் கதவை மூடக்கூட நேரமில்லாமல் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர் வரைந்த கோஸ்ட் ராஞ்ச் பண்ணையில் வழிகாட்டி அவர் ஓவியத்தின் நகலைத் தூக்கிப் பிடிக்க, பாறை அதைப்போல இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம். அவருடைய அபிக்யூ வீட்டைப் பார்க்க முன்பதிவு வேண்டும். தனிமைக்காக நியூயார்க்கை விட்டு வந்தவரின் வீடு அது. கூட்டம் வரட்டும், அவர் எப்படிப் பார்த்தார் என்பதையும் அறிந்து வரட்டும்.

1929இல் ஃபோர்டு மாடல் ஏ கார் வாங்கி, நாற்பது வயதுக்குமேல் ஓட்டக் கற்றவர் அவர். ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, பின்னிருக்கையில் கித்தானைச் சாய்த்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தார். வெயில் பொறுக்காதபோது காரின் அடியில் ஒதுங்குவார். பெடர்னல் என்ற தட்டை உச்சி மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார்; 1986இல் மறைந்தபின் அவர் சாம்பலை அங்கேதான் தூவினார்கள்.

இந்த வட்டாரத்தையே ‘ஓகீஃப் நாடு’ என்று அழைப்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. அவருக்கு எத்தனையோ தலைமுறைகள் முன்பே பெடர்னலில் கல்லெடுத்துக் கருவிகள் செய்தவர்கள் டேவா பழங்குடி மக்களின் முன்னோர். அபிக்யூவோ, ஸ்பானியக் குடும்பங்களில் அடிமைப்பட்டிருந்த கெனிசாரோ எனும் பூர்வகுடியினருக்கு 1754இல் நிலம் வழங்கி உருவான ஊர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

ஓகீஃப் வீட்டிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டரில், ‘பிளாக் பிளேஸ்’ என்று அவரே பெயர் வைத்த சாம்பல் நிறக் குன்றுகள் இருக்கின்றன. 1940களில் கூடாரமடித்துத் தங்கி, பேய்க்காற்றில் அங்கே வரைந்தார். அந்தக் குன்றுகள் இருக்கும் படுகையில் இன்று எண்ணெய்க் கிணறுகளும் எரிவாயுக் கிணறுகளும் பரவிக் கிடக்கின்றன. அருங்காட்சியகச் சுவர்களில் அந்தக் குன்றுகளின் ஓவியங்களை ஈரப்பதம் பார்த்து, வெளிச்சம் அளந்து காக்கிறார்கள். குன்றுகளைக் காக்கவும் சட்டம் வர வேண்டும். ஓவியத்தின் முன் நிற்கிறவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும்.