படகுத்துறைகளில் ஒரு குளத்துக்காரன்

முல்லைத்தீவு மாவட்டத்தான் என்றால் கடலுக்குள்ளேயே பிறந்தவன் என்று லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நான் உடையார்கட்டான். எனக்குத் தெரிந்தது குளத்துத் தண்ணீர். என் வயல் வாய்க்காலின் கடைசிக் காணி என்பதால் அதையும் அடிக்கடி கண்டவன் என்று சொல்லமுடியாது. கடற்பயணம் என்றால் குறிகட்டுவானில் ஏறி நயினாதீவில் இறங்கியதுதான். அதுவும் மூக்கில் தேசிக்காயை அழுத்திப் பிடித்தபடி, அம்மனுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டே போனது. ஆனால் மனைவியின் தம்பி, "அத்தானுக்குத்தான் இது பிடிக்கும்" என்று சொல்லி இங்கிலாந்தின் படகுத்துறைகளைக் காரில் சுற்றிக்காட்டப் புறப்பட்டபோது நான் மறுக்கவில்லை. முல்லைத்தீவின் மானம் என் கையில் இருந்தது. மனைவி மட்டும் கைப்பைக்குள் இரண்டு தேசிக்காயைப் போட்டுக்கொண்டாள்.

முதலில் பிரைட்டன். 1979-ல் மகாராணி வந்து திறந்துவைத்த துறை. வெண்சுண்ணப் பாறைச் சுவருக்குக் கீழே, கடலுக்குள் கொங்கிறீற் அணை போட்டு வளைத்து எடுத்திருக்கிறார்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாக, ஒன்றையொன்று முட்டாமல், எத்தனையோ வள்ளங்கள்.

"இண்டைக்கு ஏன் ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை? காத்தோ?" என்று கேட்டேன்.

"தொழிலுக்கில்லை அத்தான், சும்மா கட்டி வைச்சிருக்கினம்."

பார்த்தால் அப்படித்தான். ஒருவர் வள்ளத்தின் மேல்தட்டைத் துடைக்கிறார். இன்னொருவர் வள்ளத்துக்குள் இருந்து பேப்பர் வாசிக்கிறார். கட்டி வைப்பதற்கு வள்ளத்தின் நீளத்தை அளந்து, மீற்றருக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்களாம். எனக்கு அடிவயிறு கலங்கியது. என்னுடைய லாண்ட்மாஸ்ரர் வேப்பமரத்தடியில் ஒரு சதச் செலவில்லாமல் நிற்கிறதே என்று பெருமையாகச் சொன்னேன். "அது நிக்கிறதை மட்டுந்தானே ஒழுங்காச் செய்யுது" என்றாள் மனைவி. பிறகு கார்த் தரிப்பிடத்தில் புட்டுப் பார்சலைப் பிரித்தோம். மீன்குழம்பு வாசத்துக்குப் பக்கத்துக் காரின் கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது.

லண்டனுக்குள்ளேயே, டவர் பாலத்துக்குப் பக்கத்தில், புனித கத்தரின் துறை இருக்கிறது. 1828-ல் திறந்து, 1968-ல் மூடும்வரை தேயிலையும் யானைத்தந்தமும் வாசனைத் திரவியங்களும் இறங்கிய இடம். இப்போது அங்கே உல்லாச வள்ளங்கள் கட்டி நிற்கின்றன, சுற்றிவரச் சாப்பாட்டுக்கடைகள். ஒரு ரீயின் விலையைப் பார்த்தேன். அந்தத் தேயிலையை ஏற்றி அனுப்பிய செலவை இன்னும் வசூலித்து முடியவில்லைப் போல.

என் கௌரவத்துக்கு உண்மையான சோதனை நோர்ஃபோக்கில்தான் வந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. வெளிநாட்டிலிருந்து போகிறவர் தன் நாட்டு அனுமதிப்பத்திரத்தை வைத்துப் பிரித்தானியாவில் பன்னிரண்டு மாதம்வரை கார் ஓட்டலாம். எங்களைப்போல அவர்களும் இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள். ஆகவே பெற்றோல் செற் ஒவ்வொன்றிலும் நான் பத்திரத்தைச் சட்டைப்பையில் இருந்து எடுத்துத் துடைப்பேன். மச்சான் "இன்சூரன்ஸ் அத்தான்" என்பான். திரும்ப வைப்பேன். ஆனால் நோர்ஃபோக்கின் றொக்சமில் வாடகை வள்ளத்துக்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை! அந்தக் கணத்தில் எனக்கு வல்வெட்டித்துறை இரத்தம் ஏறியது. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைவரை போய்ச் சேர்ந்த கதையைக் கூட வந்த மருமகளுக்குச் சொல்லிக்கொண்டே சுக்கானைப் பிடித்தேன்.

"அதில நீங்கள் போகேல்லைத்தானே?" என்றாள் மனைவி.

நோர்ஃபோக்கின் ஆறுகளில் வேகம் மணிக்கு மூன்று மைலில் இருந்து ஆறு மைல்வரைதான். தறப்பாள் கட்டிய மாட்டுவண்டி முந்திப் போகும். ஆனாலும் வள்ளத்துக்குப் பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் பின்கியர் போடவேண்டும். சுக்கானைத் திருப்பினால் அது கொஞ்சநேரம் யோசிக்கும். நான் பொறுக்காமல் மற்றப்பக்கம் திருப்பிய பிறகுதான் முதல் சொன்னதைச் செய்யும். போதாக்குறைக்குத் தரையில் இடப்பக்கம் போகிற அந்த நாட்டில், தண்ணீரில் வலப்பக்கம் போகவேண்டும். "மாமா, வலது! வலது!" என்று மருமகள் கத்த, நான் எந்த வலது என்று யோசிக்க, வள்ளம் நேரே நாணலுக்குள் ஏறி நின்றது. நாணலைக் கிட்டத்தில் பார்க்கவே நிறுத்தினேன் என்றேன். அந்த நாணலால்தான் அங்கே கூரை வேய்கிறார்கள் என்ற விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். எங்களைக் கடந்துபோன வள்ளத்தில் ஒரு நாய் உயிர்காப்புச் சட்டை போட்டபடி என்னை இரக்கத்தோடு பார்த்தது.

நாணலில் இருந்து விடுபடும்வரை பேசுவதற்கு எனக்கு வேறு விஷயமும் இருந்தது. அங்கே ஆறுகளோடு சேர்ந்து கிடக்கும் ஏரிகள் இயற்கையானவை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இடைக்காலத்தில் விறகுக்குப் பதிலாக எரிக்க முற்றா நிலக்கரி (பீற்) வெட்டிய குழிகள் அவை, பிறகு தண்ணீர் ஏறி நிரம்பியவை என்பதை 1950-களில் யோய்ஸ் லம்பேர்ட் என்ற தாவரவியலாளர் நிலத்தைத் துளையிட்டுப் பார்த்து நிறுவினார். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனை அலைகரையில் நிறுத்தினால், வெட்டினதா தானாய்க் கிடந்ததா என்று அரைமணிக்குள் சொல்லியிருப்பான். இதை நான் உரத்துச் சொன்னேன். நாணலுக்குள் நின்று சொன்னதால் எடுபடவில்லை.

டிவைசிஸ் ஊரின் கேன் ஹில்லில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அங்கே கெனற் - ஏவன் கால்வாய் மலை ஏறுகிறது. மூன்று கிலோமீற்றருக்கு 29 கதவுத் தொட்டிகள். வள்ளம் ஒரு தொட்டிக்குள் போகும், கதவைச் சாத்துவார்கள், மேலிருந்து தண்ணீரை விட்டு வள்ளத்தை உயர்த்துவார்கள். இப்படியே 237 அடி. அத்தனை தண்ணீரும் எதற்கு? இரண்டு பென்சன்காரரையும் கூரையில் வைத்த பூச்சாடியையும் மேலே ஏற்ற! சிறுபோகத்துக்கு வரம்பில் காவல் கிடந்து, கடைசிக் காணிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று விடியவிடிய முழித்திருந்தவனுக்கு இது தாங்குமா? அங்கே நின்ற தொண்டரிடம் மருமகளை மொழிபெயர்க்கச் சொல்லி நியாயம் கேட்டேன். அவர் சிரித்தபடி, கீழே வந்த தண்ணீரைப் பம்பால் திரும்ப மேலே அனுப்புகிறோம் என்றார். பதினொரு நிமிடத்துக்கு ஒரு தொட்டி நிறையுமளவு. அதைக் கேட்டதும் கோபம் பொறாமையாக மாறியது. பிறகு அவர், இவ்வளவு ஆர்வமாக இருக்கிறாரே என்று, மடை திறக்கும் திருகுகம்பியை என் கையில் தந்துவிட்டார். ஊரில் துருசு திறக்கும்போது குளக்கட்டில் நின்று ஆலோசனை சொல்வது மட்டும்தான் என் வேலை. இங்கே திருகவும் வேண்டும், கதவின் நீண்ட மரத்தை முதுகால் தள்ளவும் வேண்டும். மிச்சப் பயணம் முழுவதும் கார்ச் சீற்றில் சரிந்துதான் இருந்தேன். மச்சான் இனி ஓட்டச் சொன்னாலும் ஓட்டியிருக்கமாட்டேன்.

ஊருக்கு வந்ததும் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் குளத்திலும் நாலு வள்ளம் விட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றலாம், கட்டிவைக்க மீற்றர் கணக்கில் காசும் வாங்கலாம் என்று இங்கிலாந்து அனுபவத்தோடு விளக்கினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசினை. ஓகஸ்டில வள்ளத்தை எங்க ஓட்டுவியள்?"

ஓகஸ்டில் எங்கள் குளத்துக்குள் மாடு மேயும்.

"அப்ப மாட்டை அளந்து மீற்றருக்கு வாங்குவம்" என்று பின்வரிசையில் ஒரு குரல். கூட்டம் கைதட்டியது. வாக்கெடுப்பு வைத்திருந்தால் நிச்சயம் நிறைவேறியிருக்கும். அங்கே மேய்கிறதில் மூன்று என்னுடையவை. அதில் ஒன்று நல்ல நீளம்.